பதிமூன்றாவது வியாழக்கிழமை

அசல் நடுக்கம், கலப்படம் இல்லாதது, ஒரு சிமிழ் நாலே கால் லட்சம். அன்றைக்கு மதுரை மார்க்கெட்டில் அதுதான் விலை. பேரம் பேசத் தெரிந்தவர் நாலுக்கு முடிப்பார். தெரியாதவர் ஐந்து கொடுத்துவிட்டு, சல்லிசாக வாங்கிவிட்டதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு போவார்.

கடை டவுன் ஹால் ரோட்டில், ஒரு பெல்ட் கடையின் மாடியில் இருந்தது. முதலாளி சீனிராஜுக்கு வயது அறுபத்தேழு. அவருடைய அப்பா விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தவர். ஒரு வற்றலைக் கிள்ளி மூக்கில் வைத்தால் அது எந்த ஊர்க் கரிசலில் காய்ந்தது, எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது, கொண்டுவந்தவன் இன்னும் எத்தனை பொய் சொல்லப் போகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மூக்கு மகனுக்கும் வாய்த்தது. சரக்குதான் மாறிப்போனது. மனிதர் தலைக்குள் கிடக்கும் பழைய பயத்தைத் தொப்பி ஒன்றை மாட்டி இறக்கி, சிமிழில் அடைத்து, வேண்டியவர் தலைக்கு ஏற்றிவிடுகிற வியாபாரம்.

வேண்டியவர்கள் இருந்தார்கள். இப்போதைய பேய்ப் படங்கள் பார்க்கிறவனின் நாடியைப் பிடித்துப் பார்த்தே ஓடுகின்றன. அவன் கொஞ்சம் அதிகம் பயந்தால் அவையே தணிந்துகொள்ளும். அளவெடுத்துத் தைத்த சட்டையில் என்ன உறுத்தல் இருக்கும்? அறுபதைத் தாண்டி, வங்கியில் பணமும் வாயில் கட்டின பல்லுமாக இருந்தவர்களுக்கு அந்த உறுத்தல் வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால், யார் வீட்டுக் கூடத்திலோ, யார் பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டு பயந்தார்களே, அந்தப் பயம்.

அதிலும் ‘மாடியில் ஒருத்தி’ என்றால் தனி விலை.

பதிமூன்று வியாழக்கிழமை ஓடிய தொடர். ஒரு வீடு, வாடகைக்கு வந்த ஒரு குடும்பம், மாடி அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவ்வளவுதான் கதை. பன்னிரண்டு வாரம் அவள் திரும்பவே இல்லை. சீப்பு இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கே, ஆன்டெனாவைத் திருப்பப் போன ஆள் மொட்டைமாடியிலிருந்து தனியாக இறங்க மாட்டேன் என்று நின்றதுண்டு. நடுவில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை விழுந்தால் கூடத்தில் ஐம்பது பேரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். பதிமூன்றாவது வாரம் அவள் திரும்பினாள். அதோடு தொடர் முடிந்தது.

ஒளிநாடாக்கள் எப்போதோ அழிந்துபோயின. பார்த்தவர் தலைகளில்தான் தொடர் பாக்கி இருந்தது. பன்னிரண்டு வாரத்தையும் சீனிராஜ் தலை தலையாகத் தேடிச் சேர்த்துவிட்டார். அதிலும் தொல்லைகள் உண்டு. பாதிப் பேர் வீட்டுப் பெட்டியில், கலர் டி.வி. பார்த்த திருப்திக்காக, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மேலே நீலம், நடுவே ஆரஞ்சு, கீழே பச்சை. அந்தச் சிமிழ்களில் பேய்க்கு நீலத் தலைமயிரும் பச்சைக் காலுமாக இருந்தன. சுத்தக் கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்ற பார்ட்டிகள் அதற்கு முப்பது சதவீதம் கழிவு கேட்டார்கள்.

பதிமூன்றாவது வாரம்தான் சிக்கவில்லை. நாற்பத்தொரு தலையில் இறக்கிப் பார்த்துவிட்டார். அவள் தோள் அசையும், கழுத்து திரும்பத் தொடங்கும், உடனே இருட்டு. உள்ளங்கை, தலையணை, அம்மாவின் முந்தானை, ஒருவருக்கு முறம். ஊரே அந்த நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. சீனிராஜின் தலைக்குள் இருந்ததும் அப்பாவின் துண்டுதான், மிளகாய் நெடியோடு. அதை மட்டும் அவர் இறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், விலை படியவில்லை என்பார்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, டீ குடித்துவிட்டு அவர் மேலே வந்தபோது ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி ஒரு கிழவி நின்றிருந்தாள். மெலிந்த முதுகு. வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. சீனிராஜுக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

“கடைக்காரத் தம்பியா?” என்று கேட்டுக்கொண்டே அவள் திரும்பினாள்.

அறுபத்தேழு வயது வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார்.

“தொறங்க தம்பி. மூஞ்சி கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்.”

செண்பகவல்லிக்கு எண்பத்திரண்டு வயது. நாடகக் கம்பெனியிலிருந்து டி.வி.க்குப் போய் அந்தப் பதிமூன்று வாரம் நடித்தவள். அதன் பிறகு அவளுக்கு வேறு வேஷம் வரவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் மாடிப் போர்ஷன் மட்டும் காலியில்லை என்பார்களாம். விசேஷ வீட்டில் குழந்தையைக் கொஞ்ச வாங்கினால், பெற்றவள் ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்வாளாம். இதையெல்லாம் அவள் சிரிப்புக் கதையாகவே சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபிறகு விஷயத்துக்கு வந்தாள்.

“பதிமூணாவது வாரத்தத் தேடுறீங்களாமே.”

“நாலு வருஷமாத் தேடுறேன்க்கா. ஒருத்தர்கிட்டயும் இல்ல.”

“என் மகன்கிட்ட இருக்கு. அவன் கண்ண மூடல.”

சீனிராஜ் முகத்தில் எதையும் காட்டவில்லை. சரக்கு நல்ல சரக்கு என்று தெரிந்ததும் முகத்தைச் சுளிப்பதுதான் மண்டிப் பழக்கம். லேசாகச் சுளித்தார்.

“குமரகுருன்னு பேரு. அப்ப அவனுக்கு ஆறு வயசு. மெட்ராஸ்ல கோடம்பாக்கத்துல இருந்தோம், தெருவுக்கே எங்க வீட்லதான் பெட்டி. கடைசி வாரம்னு கூடம் நெறைய ஆளு. நான் அவன் பக்கத்துல உக்காந்திருந்தேன். டி.வி.ல நான் திரும்புற நேரம் பாத்து, சும்மா ஒரு வேடிக்கைக்கு, நானும் அதே மாதிரி மெதுவா அவன் பக்கம் திரும்பினேன். கூடமே அலறுச்சு. எனக்குப் பெருமை தாங்கல, கைதட்டு வாங்குன மாதிரி.” அவள் முந்தானையை மடியில் மடித்தாள், பிரித்தாள். “அவன் அலறல. அன்னியிலேர்ந்து என் பக்கத்துல படுக்கல. நான் ஊட்டுனா வாயத் தொறக்கல. மூணு மாசம் பாத்துட்டு அவன் அத்தை திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் என் மூஞ்சிய நேராப் பாத்ததில்ல. வருவான், தரையப் பாத்தே பேசுவான், போயிருவான்.”

“உங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?”

“அவரு அதுக்கு முன்னாடியே தவறிட்டாரு. எனக்கு இருந்தது இவன் ஒருத்தன்தான்.” அவள் நிமிர்ந்தாள். “தொப்பி மாட்டி எடுத்தா அவனுக்கு என்ன மிச்சமிருக்கும்?”

“வத்தல் இருக்கும், காரம் போயிரும். நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். நெஞ்சு மட்டும் அடிச்சுக்காது.”

“அது போதும். எனக்குக் காசு வேண்டாம். எடுத்து முடிச்சதும் அவன் எதிர்ல என்னை உக்கார வைங்க. ஒரு தடவ நிமிந்து பாக்கட்டும்.”

காசு வேண்டாம் என்கிறவர்களைக் கண்டால் சீனிராஜுக்கு ஆகாது. அவர்கள் கேட்பதைக் கடைசியில் கொடுத்துத்தான் தீரவேண்டியிருக்கும். ஆனாலும் சிங்கப்பூரில் ஜமால்தீன் என்றொரு பார்ட்டி, பதிமூன்றாவது வாரத்துக்கு ஒன்பது லட்சம் என்று சொல்லி அட்வான்சும் அனுப்பியிருந்தார். காரைக்காலில் பிறந்து, பத்து வயதில் ஒரு குடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த முகத்தைத் தவறவிட்டவர். ஆயுளுக்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தார்.

அடுத்த வாரம் குமரகுரு வந்தார். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நாலு. கொடுத்த தாளையெல்லாம் வரிவிடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“ஐப்பசில மகளுக்குக் கல்யாணம் அண்ணாச்சி. ‘ஏம்ப்பா, ஆச்சி பக்கத்துல நீ நிக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்லையே’ன்னு கேட்டா. அம்மாவப் பாத்தா எனக்குப் பயம்னு இந்த வயசுல எப்படிச் சொல்ல?”

“என்னன்னுதான் பயம்?”

குமரகுரு சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு யோசித்தார். “அன்னிக்கு ரெண்டு பேரு இருந்தாங்க. பெட்டிக்குள்ள ஒருத்தி, பக்கத்துல ஒருத்தி. பெட்டிக்குள்ள இருந்தவ திரும்புறான்னு கூடம் அலறுனப்ப, பக்கத்துல இருந்தவளும் திரும்புனா. எது என் அம்மான்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான் அண்ணாச்சி. வளந்தப்புறம் புத்திக்குத் தெரிஞ்சுபோச்சு. வயித்துக்குத்தான் இன்னும் தெரியல.”

தொப்பி நாற்பது நிமிஷம் ஓடியது. செண்பகவல்லி பக்கத்து அறையில், பவுடர் போட்டு, புதுப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் அவளைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தார்கள்.

குமரகுரு நிமிர்ந்தார். அவளுடைய முகத்தை நேராக, நிதானமாகப் பார்த்தார். நெற்றி, கண், கன்னத்தில் ஒரு மச்சம்.

“வாங்கம்மா,” என்றார். “சாப்டீங்களா? வெயில்ல வந்திருக்கீங்களே.”

கிழவி அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பிடித்துக்கொள்ள விட்டார். துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையும் கொடுத்தார். கதவோரம் நின்ற சீனிராஜின் மூக்கில் மட்டும் ஏதோ ஒன்று இடறியது. பழனி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கும் பயணிக்குப் பதில் சொல்கிற குரல் அது. பணிவான குரல்தான். குறை ஒன்றும் சொல்ல முடியாது.

அன்று மாலையே ஜமால்தீனைத் திரையில் கூப்பிட்டு, சிமிழில் இருந்த படத்தை ஓட்டிக் காட்டினார். நடுக்கம் இல்லாமல் படத்தை மட்டும் பார்ப்பது சாம்பிள் பார்க்கிற மாதிரி. வியாபாரத்தில் அனுமதி உண்டு.

கூடம் வந்தது. வரிசையாகத் தலைகள். மூலையில் மரக் கதவு வைத்த பெட்டி, அதன்மேல் நீலமும் ஆரஞ்சும் பச்சையுமாகத் தாள். பிறகு பார்வை பக்கவாட்டில் திரும்பியது. திரும்பினது திரும்பினதுதான். இருபத்திரண்டு நிமிஷமும் பையன் பெட்டியையே பார்க்கவில்லை. இருபத்து நாலு வயது செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டி.வி. வெளிச்சம் அதன்மேல் ஏறி இறங்கியது. யாரோ பேசும் வசனத்துக்கு அவள் உதடு தானாக அசைந்தது. சிரிப்பு வந்தபோது கையால் மறைத்துக்கொண்டாள். மூக்குத்தி மின்னியது. கடைசியில் அந்த முகம் மெதுவாக அவன் பக்கம் திரும்பி, கண்ணை அகல விழித்து, உடனே தன்னுடைய குறும்பை நினைத்துத் தானே சிரித்தது. அதற்குப் பிறகும் அவன் பார்வையை எடுக்கவில்லை.

“என்னய்யா இது?” என்றார் ஜமால்தீன். “யாரோ ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பேய் எங்கய்யா?”

“அதுதான் பேய், பாய்.”

“வேற ஆளப் பாருய்யா. இதுல பயப்பட என்ன இருக்கு? எங்க ஊட்டுக்காரிய நெனச்சு அழுகதான் வருது. அட்வான்ஸத் திருப்பி அனுப்பு.”

அனுப்பினார். சரக்கு வீணாகிவிடவில்லை. கொடைக்கானலில் ஒரு ஓட்டல்காரர் படத்தைப் பற்றிக் கவலைப்படாதவர். விருந்தாளிக்கு நடுக்கம் வந்தால் போதும் என்பவர். ஆறு லட்சம் என்றார். பத்திரம் எழுதவேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில், கார்த்திகை பிறந்து நாலாம் நாள், செண்பகவல்லி மறுபடி படியேறி வந்தாள்.

கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். மேடையில் அவளுக்குப் பக்கத்தில் குமரகுரு, தோளில் கைபோட்டு, சிரித்தபடி.

“நல்லா வந்திருக்குக்கா.”

“வந்திருக்கு. நல்லா நடிச்சிருக்கான். எனக்கு அந்தத் தொழில் தெரியாதா தம்பி?” போட்டோவைப் பைக்குள் வைத்தாள். “அவன் தெனமும் சாயங்காலம் ஆறரைக்கு எனக்கு போன் பண்ணுவான். எஸ்.டி.டி. பூத்து வந்த காலத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடி வாரம் ஒரு கார்டு. ‘அம்மா, வீட்லதான இருக்க?’ ‘இருக்கேண்டா.’ ‘வேற எங்கயும் போகலயே?’ ‘போகல.’ வச்சிருவான். அவ்வளவுதான் பேச்சு. நான் வீட்ல இருக்கேன்னு தெரிஞ்சாதான், இன்னொருத்தி வெளிய நடமாடலேன்னு அவனுக்குத் தூக்கம் வரும். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஆறு மணிக்கே போன் பக்கத்துல போய் உக்காந்துக்குவேன். தொப்பி மாட்டுன நாள்லேர்ந்து போன் வரல.”

“நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“கூப்பிட்டேன். எடுத்தான். ‘மாத்திரை சாப்டீங்களாம்மா’ன்னான். என் மூஞ்சியப் பாக்க வச்சீங்க தம்பி. நான் கேட்டதத்தான் குடுத்தீங்க. இப்ப அதத் திருப்பி அவனுக்கே வச்சிருங்க.”

“முடியாதுக்கா. இறக்குன இடம் தழும்பு விழுந்துரும். அதே தலைக்கு மறுபடி ஒட்டாது. வேற தலைக்குத்தான் ஏறும்.”

தெருவில் ஆட்டோக்காரர் ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் வாக்குவாதம் செய்து ஓய்ந்தார்கள்.

“அப்ப எனக்கு வைங்க.”

“உங்களுக்கா? அக்கா, அது உங்க மூஞ்சி மேல உள்ள பயம். கண்ணாடி பாக்க முடியாது. தனியா இருக்க முடியாது. எங்கே போனாலும் அந்த மூஞ்சி உங்ககூடவேல்ல வரும்.”

“எம்பத்திரண்டு வருஷம் பாத்தாச்சு, போதும். நான் எதுக்கும் பயந்ததில்ல தம்பி. அதனாலதான் அவன் போன் நிக்கிற வரைக்கும் ஒரு நாள்கூட நானா அவனக் கூப்பிடத் தோணல. பயந்தவங்கதான கூப்பிடுவாங்க? இத்தனை வருஷமா அவன் கூப்பிட்டான். இனி நான் கூப்பிடுறேன். அவனுக்கு மட்டும் சொல்லிராதீங்க.”

அந்தச் சமயத்தில் ஒரு வியாபாரிக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

“கொடைக்கானல்காரரு ஆறு லட்சம் சொல்லியிருக்காருக்கா.”

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். முதுகைக் காட்டி நின்றாள். கொண்டையை அவிழ்த்து, பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து, மேலிருந்து கீழாக ஒருமுறை இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் சீனிராஜின் முதுகுத்தண்டில் ஒன்பது வயது ஏறி உட்கார்ந்தது.

“எவ்வளவு சொன்னீங்க?”

“அஞ்சுன்னு வச்சுக்கலாம்.”

சீப்பு இறங்கியது. “நான் திரும்பட்டுமா தம்பி?”

“மூணு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படியாகாது.”

“எனக்கு என்ன சம்பளம் குடுத்தாங்க தெரியுமா? வாரத்துக்கு நூத்தம்பது. பதிமூணு வாரத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது. நீங்கள்லாம் காசு குடுக்காமத்தான பாத்தீங்க? அந்தச் சம்பளத்துக்கே குடுங்க.”

“அக்கா, தொப்பிக்குக் கரண்ட் செலவே அதுக்கு மேல ஆகும்.”

வலது தோள் அசைந்தது. கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.

“சரி. சரிக்கா. திரும்பாதீங்க.”

வாழ்நாளில் அவர் அவ்வளவு மோசமாகத் தோற்ற பேரம் வேறில்லை. தோற்றபோது உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் அன்றைக்குத்தான். தொப்பியை அவளுக்கு மாட்டும்போது மட்டும் அவருடைய கை தயங்கியது. “ம்,” என்றாள் அவள். ஏற்றி முடித்து, படியிறங்கும்போது அவள் சுவரில் இருந்த கண்ணாடியைக் கடக்க மாட்டாமல் நின்றாள். சீனிராஜ் தன் துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். அவள் உடம்பு உண்மையாகவே நடுங்கியது. ஆட்டோ வரைக்கும் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

பதினைந்து நாள் கழித்துக் குமரகுரு போன் செய்தார்.

“அண்ணாச்சி, அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு. விளக்கு வைக்கிற நேரமானா கூப்பிடுறாங்க. வீட்ல யாரோ இருக்காங்களாம். கண்ணாடி எல்லாத்தையும் துணி போட்டு மூடியிருக்காங்க. ‘பேசிக்கிட்டே இருடா, வச்சிராத’ன்னு அழுவுறாங்க. நேத்து ஒரு மணி நேரம் பேசுனேன். பேச ஒண்ணும் இல்லாம பஸ் டைமெல்லாம் சொன்னேன். தேனி வண்டி எத்தனை மணிக்கு, கரூர் வண்டி எத்தனை மணிக்குன்னு. ‘ம்’, ‘ம்’னு கேட்டுக்கிட்டே இருந்தா. ‘பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல’ன்னேன். பாவம், சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டா. நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வந்துரப் போறேன். ஏன் அண்ணாச்சி, நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா?”

“நான் வியாபாரி தம்பி. வைத்தியமெல்லாம் எனக்குத் தெரியாது.”

போனை வைத்துவிட்டுச் சீனிராஜ் நோட்டை எடுத்தார். ‘பதிமூன்றாவது வாரம்’ என்று தலைப்புப் போட்டார். செலவு: இறக்குகூலி பதினெட்டாயிரம். ஏற்றுகூலி பதினெட்டாயிரம். சிமிழ் நாலாயிரம். சிங்கப்பூர் அட்வான்ஸ் திருப்பியதில் வங்கிக் கழிவு இரண்டாயிரத்து நூறு. ஆக நாற்பத்திரண்டாயிரத்து நூறு. வரவு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. கீழே கோடு இழுத்து, ‘செண்பகவல்லி பாக்கி: நாற்பதாயிரத்து நூற்றைம்பது’ என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டார்.